ஒற்று விட்டவன் உண்மை பேசலாகாதா?

ஒருவன் எழுதிய மடலில் ஓர் ஒற்று விடுபட்டிருக்கின்றது. ளகரம் நிற்க வேண்டிய இடத்தில் லகரம் நிற்கின்றது. அவ்வளவுதான், "தமிழே எழுதத் தெரியாதவன் தமிழுக்குப் பரிந்து பேச வந்துவிட்டான்" என்று நகைக்கின்றனர். அவன் சொன்ன செய்தி யாது, அது மெய்யா பொய்யா, அதனால் எவர்க்கு என்ன இழப்பு என்னும் வினாக்களை அதன்பின் ஒருவரும் எழுப்புவதில்லை. இவ்வழக்கம் தமிழ்ப்பகைவரிடத்து மட்டும் இருப்பின் நாம் அதைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை. தமிழன்பர் என்று தம்மைச் சொல்லிக்கொள்வாரிடத்தும் அது வேரூன்றி வருகின்றமையால், அதுபற்றி வெளிப்படையாக எழுத வேண்டியதாயிற்று.

அண்மையில் கோவை இரத்தினசபாபதிபுரத்தில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். அங்குள்ள துணிக்கடைகளிலும் மருந்துக்கடைகளிலும் பணிபுரியும் இளைஞர் சிலர் ஒன்றுகூடி, கடைப் பெயர்ப்பலகைகளில் தமிழுக்கு முதலிடம் வேண்டும் என்று அரைப்பக்க அளவில் ஒரு துண்டறிக்கை அச்சிட்டுக் கடை கடையாகக் கொடுத்தனர். அச்சுச் செலவு அவர்தம் சம்பளத்திலிருந்து போனது. அறிக்கையில் 'பெயர்ப்பலகை' என்பது ஒவ்வோரிடத்தும் ஒற்றின்றிப் 'பெயர்பலகை' என்றே இருந்தது. 'உரிமை' என்பது 'உறிமை' ஆகியிருந்தது. 'வாடிக்கையாளர்' என்பது 'வாடிக்கையாலர்' ஆகியிருந்தது. கடைக்காரர் ஒருவர் பிழைகளையெல்லாம் சிவப்பு மையாற் சுழித்து, "முதலில் தமிழ் படித்துவிட்டு வாருங்கள், தம்பி" என்று திருப்பிக் கொடுத்தாராம். அவர் கடை முகப்பில் ஓர் எழுத்தும் தமிழில் இல்லை! அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவ்விளைஞர்கள் பின்னர்த் தமிழ்ப்புலவர் ஒருவரிடம் சென்று, அடுத்த அறிக்கையில் அவர் பெயரையும் சேர்த்துக்கொள்ள இசைவு கேட்டிருக்கின்றனர். அவரோ முதல் அறிக்கையைப் படித்துப் பார்த்துவிட்டு, இத்தகைய எழுத்தோடு தம் பெயர் வருவது இழுக்கு என்று மறுத்துவிட்டார். அவ்விளைஞருள் ஒருவர் நம்மிடம் சொன்னார்: "இனிமே இங்கிலீசுலயே அடிச்சுடறோமுங்க ஐயா. அதுல தப்பு வந்தா எங்களைத் தமிழ் தெரியாதவன்னு யாரும் சொல்ல மாட்டாங்க."

இச்சொல்லைவிட நம்மைச் சுடும் சொல் வேறு உண்டோ? தமிழ்மேற் கொண்ட பற்றினால் முன்வந்தவனைத் தமிழின் பெயராலேயே ஆங்கிலத்தின் காலடிக்குத் துரத்திவிட்டோம் அல்லமோ?

அத்துண்டறிக்கையில் எழுத்துப்பிழை இருந்தது. பொருட்பிழை இருந்ததா என்று பாருங்கள். தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் பற்றிய விதிகளின்படி, பெயர்ப்பலகையில் தமிழ் முதலில் நிற்க வேண்டும்; தமிழுக்கு ஐந்து பங்கும், ஆங்கிலத்திற்கு மூன்று பங்கும், பிறமொழி உண்டாயின் அதற்கு இரண்டு பங்கும் இடம் அளிக்க வேண்டும். இது பல்லாண்டுகளாக இருந்துவரும் அரசாணை. 2010-ஆம் ஆண்டு சூன் திங்கள் 23 முதல் 27 வரை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு இதே கோவையில் நடந்தபோது, நகரெங்கும் பலகைகளில் தமிழ் ஏறியதை நாம் கண்டோம்; பந்தல் பிரித்தபின் அதிற் பாதி இறங்கியதையும் கண்டோம். அவ்விளைஞர்கள் எழுதியது இந்த ஆணையைத்தான். ஆகவே அன்று அக்கடை வாயிலில், பிழையோடு எழுதப்பட்ட உண்மை ஒருபுறமும், பிழையின்றி எழுதப்பட்ட சட்டமீறல் மறுபுறமும் நின்றன. நகைக்கப்பட்டது எது?

பிழை என்பதை நாம் எப்படிக் காண்கின்றோம் என்பதற்கு அவ்வூர்ப் பெயரே போதிய சான்று. கோவை நகரவைத் தலைவராக விளங்கிய இரத்தினசபாபதியார் பெயரால் அமைந்த ஊரை, 'ஆர்.எசு.புரம்' என்று இரண்டு ஆங்கில எழுத்தாற் சுருக்கிவிட்டனர். ஒரு மாந்தரின் பெயர் முழுவதையும் விழுங்கிய இச்சுருக்கத்தை எவரும் எழுத்துப்பிழை என்று சொல்வதில்லை. அவ்வூரின் பெருஞ்சாலை ஒன்று இன்னும் 'திவான் பகதூர்' என்னும் பாரசீகப் பட்டத்தைச் சுமந்து நிற்கின்றது. அதையும் எவரும் சுழிப்பதில்லை. கோயம்புத்தூரா, கோயமுத்தூரா, கோவன்புத்தூரா என்று நகரின் பெயரையே மூவகையாக எழுதுகின்றோம். கூலிக்காரன் 'உறிமை' என்று எழுதிவிட்டால் மட்டும் நம் இலக்கண அறிவு விழித்துக்கொள்கின்றது.

பிழை பிடிப்பாரெல்லாம் தமக்கு முன்னோடியாக நக்கீரரைக் காட்டுவர். நக்கீரர் கதையை அவர்கள் ஊன்றிக் கேட்டதில்லை போலும்! அவர் இறைவன் பாட்டிற் கண்டதாகக் கதை சொல்வது பொருட்குற்றம். கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா இல்லையா என்னும் மெய்ம்மை பற்றிய வழக்கு அது. ஒற்று மிகுமா மிகாதா என்று அவர் வழக்காடவில்லை. எதிரே நின்றவன் எவ்வளவு பெரியவனாயினும் அவன் சொன்ன பொருள் மெய்தானா என்று கேட்டதே அவர் பெருமை. எதிரே நிற்பவன் எளியவன் என்பதால் அவன் பொருளைக் கேளாமல் எழுத்தைச் சுழிப்பதற்கு நக்கீரர் பெயரைச் சொல்வது அவர்க்குச் செய்யும் இழுக்காகும்.

நன்னூலையும் எடுத்துப் பாருங்கள். அதனை இயற்றிய பவணந்தியாரைக் கொங்கு நாட்டார் பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரத்தார் என்று உரிமை பாராட்டுவர். நூற்கு ஆகாத குற்றங்கள் என்று அவர் பத்தினை எண்ணுகின்றார். வேண்டியதினும் குறையச் சொல்லுதல், மிகுத்துச் சொல்லுதல், முன்பின் முரணச் சொல்லுதல், கேட்பவன் மயங்கும்படி வைத்தல், சொல்லத் தொடங்கியதை விட்டு வேறொன்றை விரித்தல், பயனில்லாது சொற்களை நிரப்புதல் என்று அப்பட்டியல் செல்கின்றது. வழுவுற்ற சொல்லைப் புணர்த்தலும் அப்பத்தனுள் ஒன்றே, ஆனால் ஒன்றுதான். எஞ்சிய ஒன்பதும் சொல்பவன் தன் கருத்தை எவ்வாறு நடத்துகின்றான் என்பது பற்றியவை. எழுத்தியலும் புணரியலும் வகுத்த இலக்கணப் பேராசானே, ஒரு நூலை மதிப்பிடும்போது எழுத்துக்கு இவ்வளவு இடமே கொடுத்தார். மேடைதோறும் முன்பின் முரணாகப் பேசுவாரையும், கூறியதையே கூறுவாரையும், தொடங்கிய செய்தியை விட்டு ஊர்வலம் போவாரையும் நாம் மாலையிட்டு அமர்த்துகின்றோம். அவர்கள் சுவரொட்டியில் ஒற்று மட்டும் சரியாக இருந்தால் போதும்!

இனி, நம் பழமைக்கே சான்றாக நிற்கும் எழுத்துகளைப் பார்ப்போம். கரூருக்கு அருகில் புகழூர் ஆறுநாட்டார் மலையில், சேர இரும்பொறை மரபினர் மூன்று தலைமுறையினரின் பெயர் பொறித்த தமிழிக் கல்வெட்டு உள்ளது. பதிற்றுப்பத்துப் பாடிய அரசர்கள் வெறும் கற்பனையல்லர் என்று உலகினர்க்குக் காட்டப் பயன்படும் பெருஞ்சான்று அது. சமணத் துறவி ஒருவர்க்கு உறைவிடம் வெட்டிக்கொடுத்த செய்தியைச் சொல்லும் அக்கல்வெட்டில், 'உறை' என்னும் சொல் யகரவொற்றுப் பெற்று 'உறைய்' என்று வெட்டப்பட்டுள்ளது. இன்றைய பிழைபிடிப்பாளர் எவரேனும் அங்கு ஏறிச் சென்று, "உறை என்பதையே எழுதத் தெரியாதவன் சேரனைப்பற்றி என்ன சொல்வான்?" என்று கேட்பாரா?

புகழூருக்குப் போவானேன்? பேரூரைத் தழுவிக் கோவை வழியே ஓடும் நொய்யலின் கரையிலேயே, சென்னிமலைப் பக்கத்தில் கொடுமணல் இருக்கின்றது. 1985-ஆம் ஆண்டு முதல் தமிழ்ப் பல்கலைக்கழகமும் பிறரும் நடத்திய அகழாய்வுகளில் எழுத்துப் பொறித்த பானையோடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. கண்ணன், ஆதன், பண்ணன் என்றாற்போலத் தத்தம் பெயரைத் தம் பானையிற் கீறிக்கொண்டவர்கள் புலவர்களல்லர். இரும்புருக்கியவரும் மணி கடைந்தவரும் வாழ்ந்த தொழிலூர் அது. அரண்மனையிலும் மடங்களிலும் மட்டுமன்றிப் பட்டறைகளிலும் எழுத்து புழங்கிய நாடு இது என்று நாம் நெஞ்சுயர்த்திச் சொல்வதற்கு அக்கீறல்களே அடிப்படை. கோணலாகக் கீறினார், ஓர் எழுத்தைக் குறைத்தார் என்று அவற்றை ஒதுக்கியிருந்தால் நமக்கு அப்பெருமை ஏது? ஈராயிரம் ஆண்டுகட்கு முன்பு பானையிற் கீறிய கொல்லனின் எழுத்தைக் கண்டு கண்ணீர் மல்குகின்றோம். அவன் வழிவந்தவன் இன்று தாளில் எழுதினால் எள்ளுகின்றோம்.

இடைக்காலக் கல்வெட்டுகளைப் படித்தறிந்தவர்க்கு இது புதிதன்று. அவற்றிற் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் ஒருபோலவே இருக்கும். அவ்வேறுபாட்டைக் காட்டும் வடிவங்கள் வீரமாமுனிவர் காலத்திற்குப் பின்னரே நிலைத்தன. மக்கள் வாய்வழக்கு அப்படியே கல்லில் ஏறியிருக்கும். ஆய்வாளர் இவற்றைக் கண்டு முகஞ்சுளிப்பதில்லை. அவ்வூரார் அன்று எப்படி ஒலித்தனர் என்பதற்கு அதுவே சான்று என்று மகிழ்கின்றனர். இலக்கணத் தூய்மையோடு வழவழவென்று எழுதப்பட்ட பட்டயம் ஒன்று கிடைத்தாற்கூட, அது பிற்காலத்தார் எழுதிவைத்த போலியோ என்று ஐயுறுவதும் உண்டு. ஏடுகளின் கதையும் இதுவே. சி.வை.தாமோதரனாரும் உ.வே.சாமிநாதையரும் கலித்தொகையையும் சிந்தாமணியையும் 1887-இல் அச்சேற்றியபோது, அவர்கள் கையிலிருந்தவை படியெடுத்தோரின் பிழை மலிந்த ஓலைகளே. பிழை கண்டு ஓலையை வீசியிருந்தால் நமக்கு இலக்கியம் இல்லை. அவர்கள் ஓலையோடு ஓலையை ஒப்புநோக்கினர். எழுதியவன் என்ன எழுத முயன்றான் என்று தேடினர். ஏட்டுக்குக் காட்டிய அப்பொறுமையில் நூறில் ஒரு பங்கு போதும், உயிருள்ள ஓர் இளைஞனுக்கு.

எது பிழை என்பதும் எக்காலத்தும் ஒருபடித்தாய் நின்றதில்லை. ஈரோட்டுப் பெரியார் 1935-இல் தம் 'குடியரசு' இதழில் ணை, லை, னை முதலிய எழுத்துகளைப் புதிய வடிவில் அச்சிடத் தொடங்கினார். நாற்பத்து மூன்று ஆண்டுகள் அவ்வடிவை எழுதிய பள்ளிச் சிறுவன் குட்டு வாங்கினான். 19.10.1978 அன்று ம.கோ.இரா. அரசு ஆணையிட்டது. அதன்பின் பழைய துதிக்கை வடிவை எழுதியவன் குட்டு வாங்கினான். சிறுவர் இருவரும் எழுதியது ஒரே சொல்லைத்தான். நம் புலவர்களிடையே இன்றும் 'வாழ்த்துகள்' என்பாரும் 'வாழ்த்துக்கள்' என்பாரும் உளர். 'ஐயா' என்பாரும் 'அய்யா' என்பாரும் உளர். 'கோயிலா கோவிலா' என்று ஒரு தலைமுறையே வழக்காடியிருக்கின்றது. இவர்களுள் ஒருவர் மற்றவரைப் பொய்யர் என்று சொல்வதில்லை. கற்றவர்க்குள் அது கருத்து வேற்றுமை, கல்லாதவனிடத்தில் அது இழிவு! இது எந்த நயன்மை?

இவ்வளவும் சொன்னமையால், எழுத்துப்பிழை ஒரு பொருட்டன்று என்று நாம் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டா. பிழை ஒருவரின் நம்பகத்தைக் குலைக்கவே செய்யும், குலைக்கவும் வேண்டும். எவர் பிழை, எங்கே என்பதே கேள்வி.

2020-ஆம் ஆண்டு சூன் திங்களில் தமிழ்நாட்டரசு 1,018 ஊர்ப்பெயர்களை ஆங்கில எழுத்தில் தமிழொலிப்புக்கு இயைய எழுத வேண்டும் என்று ஆணை வெளியிட்டது. எத்துணை நல்ல நோக்கம்! வெள்ளையன் வாய்க்கேற்பச் சிதைத்த பெயர்களை நாம் எத்தனை ஆண்டுகளாகப் பொறுத்திருக்கின்றோம்! ஆனால் பட்டியலைப் பார்த்தவர்கள் திகைத்தனர். ஏகாரத்திற்கு ஆங்கில எகரம் இரண்டை இட்டமையால் வேலூர், ஆங்கிலம் படித்தார் வாயில் 'வீலூர்' ஆயிற்று. நம் கோயம்புத்தூர்க்கு ஆங்கிலத்தில் எழுத்துகளை அடுக்கியிருந்த நீளத்தைக் கண்டு கோவையாரே சிரித்தனர். ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து என்னும் ஒழுங்கினை முன்னரே வரையறுத்துக்கொள்ளாமல், அறிஞர் பலர் கண்ணிற் படுமுன் வெளியிட்டதன் விளைவு அது. சூன் 18-ஆம் நாள் ஆணை திரும்பப் பெறப்பட்டது. நகைப்பு பட்டியலோடு நின்றதா? இல்லை. ஊர்ப்பெயரைத் தமிழாக்குதல் என்னும் முயற்சியே நகைப்புக்கிடமானது என்ற எண்ணத்தை அது விட்டுச் சென்றது. நம் நகர் ஆங்கிலத்தில் இன்றும் வெள்ளையன் எழுதியவாறே இருக்கின்றது. இதுவே குற்றமான பிழை. பணியாளர் இருந்தனர், பல்கலைக்கழகங்கள் இருந்தன, காலமும் இருந்தது, அக்கறைதான் இல்லை. இங்கே பிழையைக் கண்டு மக்கள் நம்பிக்கை இழந்தது முறையே.

அமெரிக்க நாட்டுத் துணைக் குடியரசுத் தலைவராயிருந்த இடான் குவேல் என்பாரின் கதையை அறிந்தவர் அறிவர். 15.6.1992 அன்று நியூசெர்சி மாநிலத்துத் திரெண்டன் நகரப் பள்ளியொன்றில், உருளைக்கிழங்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைச் சிறுவன் ஒருவன் கரும்பலகையிற் சரியாக எழுதினான். இவர் அதன் இறுதியில் ஓரெழுத்தைக் கூட்டச் சொன்னார். தம் கையிற் கொடுக்கப்பட்ட அட்டையில் அவ்வாறு இருந்தது என்றார். அப்பிழை அவரை இறுதிவரை விடவில்லை. அவர் பெயரைச் சொன்னால் இன்றும் உருளைக்கிழங்கைத்தான் நினைக்கின்றனர். அவருடைய அரசியற் கொள்கையை ஆராய்ந்து தள்ளியவர்களைவிட அவ்வோரெழுத்தைச் சொல்லித் தள்ளியவர்களே பலர். இது முறையா என்று கேட்டால், பாதி முறை என்போம். ஓரெழுத்தால் ஒருவர் கொள்கை பொய்யாகிவிடாது. ஆயினும் சரியாக எழுதிய சிறுவனைத் திருத்துமுன் தாம் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று அவர்க்குத் தோன்றவில்லையே! பிறரைத் திருத்த எழுவார் நம் நாட்டிலும் இதனை நினைவிற் கொள்வது நன்று.

தமிழை எழுதிப் பிழைப்பவர்கள் இருக்கின்றார்கள். நாள்தோறும் இலக்கக் கணக்கில் அச்சாகும் செய்தித்தாள், வீட்டுக்கு வீடு புகும் தொலைக்காட்சி, சிறுவர் கையிற் கொடுக்கும் பாடநூல், அரசு அலுவலகம், திரைப்படப் பெயர் எழுதுவோர் ஆகிய இவர்கள்பால் நாம் இரக்கம் காட்ட வேண்டுவதில்லை. ஆங்கில நாளிதழொன்றில் ஓர் எழுத்து மாறினால் மறுநாள் வருத்தம் தெரிவிக்கின்றனர். தமிழ்த் தொலைக்காட்சியின் அடிவரியில் ஒரு மணி நேரத்திற்குள் பத்துப் பிழை ஓடி மறைகின்றது, கேட்பாரில்லை. ஊதியம் பெற்றுக்கொண்டு எழுத்தைப் புறக்கணிப்பவன் செய்தியையும் அவ்வாறே புறக்கணித்திருப்பான் என்று ஐயுறுவது அறிவுடைமையே. அலுவலகப் பிழையின் கொடுமையோ வேறு. குடும்ப அட்டையில் ஒரு பெயர், வாக்காளர் பட்டியலில் ஒரு பெயர், நில ஆவணத்தில் ஒரு பெயர் என்று எழுத்தர் தம் மனம்போனவாறு எழுதிவிடுகின்றனர், பின்னர், "மூன்றும் ஒன்றாயில்லையே, நீ யார்?" என்று அந்த ஏழையையே கேட்கின்றனர். பிழை செய்தவர் இருக்கையில் இருக்கின்றார். பிழைக்கு ஆளானவர் வட்டாட்சியர் அலுவலக வாயிலில் நாட்கணக்கில் நிற்கின்றார்.

சொல்பவனின் உண்மைக்கும் அவன் எழுத்துக்கும் உள்ள தொலைவைக் காண வேண்டுமாயின், விடியற்காலையில் இரத்தினசபாபதிபுரத்து உழவர் சந்தைக்குச் செல்லுங்கள். தொண்டாமுத்தூர்ப் பக்கத்திலிருந்து காய் கொண்டுவந்த மூதாட்டி பலகையில் 'தக்காலி' என்று சுண்ணக்கட்டியால் எழுதியிருப்பார். வாங்க வந்தவர் எவரும் அதைக் கண்டு எடையை ஐயுறுவதில்லை. தக்காளியை எடுத்து அழுத்திப் பார்க்கின்றனர், தராசின் முள்ளைப் பார்க்கின்றனர். சந்தையில் இயல்பாய் இருக்கும் இந்நல்லறிவு கருத்துக்களத்திற்கு வந்ததும் நம்மை விட்டு ஓடிவிடுகின்றது. வழக்குமன்றத்திலும் கைநாட்டு வைப்பவன் சான்று சொல்லத் தடையில்லை. எழுத்தே அறியாதவன் உண்மை சொல்லலாம் என்று சட்டம் ஏற்கின்றது. எழுத்தறிந்து ஓர் ஒற்றை விட்டவன் சொல்லலாகாது என்று நாம் தீர்ப்பெழுதுகின்றோம்.

அவ்விளைஞர்கள் ஏன் பிழையோடு எழுதினார்கள் என்று கேட்டவர் உண்டா? தமிழ்நாட்டில் தமிழைப் பாடமாகக் கற்றே தீர வேண்டும் என்னும் சட்டம் 2006-ஆம் ஆண்டிற்றான் வந்தது. அதுவும் முதல் வகுப்பிற் தொடங்கி ஆண்டுக்கொரு வகுப்பாக ஏறியது. அதற்குமுன் இந்நாட்டிற் பிறந்து, இங்கேயே பள்ளிப் படிப்பை முடித்து, தமிழில் ஒரு வரி எழுதாமல் வெளியேற முடிந்தது. அவ்வாறு வெளியேறியவர்களே இன்று கடைகளிலும் அலுவலகங்களிலும் இருக்கின்றனர். தமிழ் படித்தவர்களின் நிலையும் மகிழத்தக்கதன்று. 2022-ஆம் ஆண்டுப் பத்தாம் வகுப்புத் தேர்வில், தாய்மொழித் தாளில் மட்டும் 47,000-க்கு மேற்பட்டோர் தவறினர். ஒற்று மிகும் இடம் மிகா இடம் என்று ஒரு பட்டியலைக் கொடுத்து உருப்போடச் செய்வதோடு பள்ளியின் கடமை முடிந்துவிடுகின்றது. பொருளோடு சேர்த்துச் சொல்லிக் கொடுப்பார் அரியர். 'தந்த பலகை' என்றால் ஒருவர் கொடுத்த பலகை. 'தந்தப் பலகை' என்றால் யானைக் கொம்பாற் செய்தது. ஒரு பகர ஒற்று யானையையே கொண்டுவந்து நிறுத்துகின்றது என்று ஆசிரியர் சொல்லியிருந்தால், அச்சிறுவன் அதனை மறப்பானா?

துணிக்கு உலகறிந்த இக்கொங்கு நாட்டுக் கடைகளில் 'கூரைப் புடவை' என்று எழுதியிருப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கூறை என்பது துணி, மணமகளுக்குரியது. கூரை என்பது வீட்டின்மேல் வேய்வது. எழுதியவர் றகரத்தை விட்டுவிட்டதால் மணமகள் ஓலையையோ ஓட்டையோ உடுத்தவளாகின்றாள்! இத்தகைய பிழை பொருளையே கெடுப்பது. திருத்தியே ஆக வேண்டும். உழவர்தம் ஆவணங்களில் 'புன்செய்' என்பது 'புஞ்சை' என்று காலங்காலமாய் வருகின்றது. பொருள் எவர்க்கும் விளங்குகின்றது, நிலமும் கைமாறுகின்றது. இரண்டையும் ஒரே கோலால் அடிப்பது இலக்கணமாகாது.

நம் எள்ளலின் விளைவைக் கண்கூடாகக் காண விரும்புவோர், இளைஞர்கள் தம்முள் கைப்பேசியில் எழுதிக்கொள்வதைப் பாருங்கள். தமிழ்ச் சொற்களையே ஆங்கில எழுத்தில் எழுதுகின்றனர். தட்டுவதற்கு எளிது என்பர். அது ஒரு பாதியே. ஆங்கில எழுத்தில் ல, ள, ழ என்னும் மூன்றும் கலந்துவிடும். ர, ற வேறுபாடு மறையும். ஒற்று இருந்ததா இல்லையா என்பதே தெரியாது. எவரும் பிழை என்று சுட்ட முடியாத மறைவிடம் அது. நம் குட்டுக்கு அஞ்சிய தலைமுறை ஒன்று அங்கே போய் ஒளிந்துகொண்டிருக்கின்றது. பிழையோடு எழுதினாலும் தமிழெழுத்தில் எழுதுகின்றவன் இன்றோ நாளையோ திருந்தி எழுதுவான். எழுத்தையே கைவிட்டவனை எவ்வாறு திருத்துவது? 'சில்க்சு' என்றும் 'பர்னிச்சர்' என்றும் ஆங்கிலச் சொல்லை ஒரு பிழையுமின்றித் தமிழெழுத்தில் எழுதிவைத்த பலகையைவிட, 'அரைகலன்' என்று றகரம் தவறி எழுதிய பலகை நமக்கு நெருங்கியது. முன்னதை எழுதியவன் தமிழை வேண்டாமென்று முடிவு செய்துவிட்டான். பின்னவன் வேண்டுமென்று முயன்றிருக்கின்றான்.

எனவே கோவைத் தோழர்களிடம் நாம் கேட்பது இது. ஞாயிறுதோறும் மாலையில் தமிழறிந்தார் இருவர் நம் கிளை மன்றத்தில் அமர்ந்திருங்கள். துண்டறிக்கையோ, முறையீட்டு மடலோ, மணவழைப்போ, கடைப்பலகையோ, எவர் கொண்டுவந்தாலும் அச்சுக்குப் போகுமுன் பார்த்துக் கொடுங்கள். எழுத்தைத் திருத்துங்கள், எழுதியவன் சொல்ல வந்ததை உங்கள் சொல்லாக்கிவிடாதீர்கள். அவன் முன்னிலையிலேயே திருத்துங்கள். சிவப்பு மை வேண்டா, கரிக்கோல் போதும். நீங்கள் ஐயுறும் இடத்தில் அகரமுதலியை அவன் கையிற் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். பெயரிட மறுத்த அப்புலவர் பெருமானும் ஒரு ஞாயிறு வந்து அமர்வாராயின் மகிழ்வோம். அவரளவு புணர்ச்சியிலக்கணம் அறிந்தார் அவ்வட்டாரத்தில் இலர்.

பலகை எழுதும் ஓவியர்க்கென ஒரு தனித்தாளும் அணியமாகட்டும். துணிக்கடை, மருந்துக்கடை, நகைக்கடை, தேநீர்க்கடை, அறைகலன், காலணி, கூறைப் புடவை என்று இருநூறு சொற்கள் போதும். பெரிய எழுத்தில், தொங்கவிடத்தக்க அட்டையில் அச்சிடுங்கள். ஆடி பிறக்குமுன் அது அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். துணிக்கடைக்காரர்கள் தள்ளுபடிப் பலகைகளுக்கு வண்ணம் குழைக்கத் தொடங்குவது அப்போதுதான்.